ஒன்லைனில் விளையாட்டு வீரர் கையொப்பம் வாங்கும்போது: அறிகுறியை வைத்துப் போலியைப் பிடிப்பது எப்படி?

திருகோணமலையில் இருந்துகொண்டு கையொப்பமிட்ட துடுப்பு மட்டையோ ஜேர்சியோ வாங்க நினைப்பவருக்கு முதல் இடைஞ்சல் தூரம்தான். பொருள் கொழும்பிலோ லண்டனிலோ சிட்னியிலோ இருக்கும். உங்கள் கையில் இருப்பது ஒரு தொலைபேசித் திரையும் விற்பவர் சொல்லும் கதையும். கதையில் மனம் போய்விட்டால் கண் வேலை செய்யாது. ஆகவே மை, எழுத்தோட்டம், காலம், சான்றிதழ், கதை, காசு என்ற ஒழுங்கிலேயே பாருங்கள். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். சான்றிதழைப் பார்த்ததும் மனம் நிறைந்துவிடுகிறது, மையைப் பார்க்காமலே காசு கட்டிவிடுகிறார்கள்.

தொடங்க முன் கேட்க வேண்டிய படங்கள் ஆறு: பொருளின் முன்பக்கம் முழுவதும், பின்பக்கம் முழுவதும், கையொப்பம் நேராகக் கிட்டத்தில், அதே கையொப்பம் பக்கவாட்டில் டோர்ச் வெளிச்சம் விழ, துணியானால் கையொப்பத்தின் உட்புறம், சான்றிதழின் இலக்கம் வாசிக்கத்தக்கதாக. வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கிவிடும், கோட்டின் ஓரம் மங்கிப்போகும். ‘டொக்கியூமென்ட்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள். இந்த ஒரு வேண்டுகோளுக்கே விற்பவர் மூன்று நாள் சாட்டுச் சொன்னால் அதுவும் ஒரு அறிகுறிதான்.

கருவி என்று பெரிதாக ஒன்றும் வேண்டாம். நகைக்கடைக்காரர் கல் பார்க்கப் பாவிக்கும் 10 மடங்கு பூதக்கண்ணாடி ஒன்று, சாதாரண டோர்ச் ஒன்று, 365 நானோமீற்றர் புற ஊதா டோர்ச் ஒன்று. கடைகளில் மலிவாகக் கிடைப்பவை பெரும்பாலும் 395 நானோமீற்றர். அவற்றின் ஊதா வெளிச்சமே கண்ணை நிறைப்பதால் தாள் ஒளிர்கிறதா என்பது தெளிவாகத் தெரியாது.

அறிகுறி: வேறு விற்பனையிலும் இதே கையொப்பம், மயிரிழை மாறாமல்

ஒரு மனிதன் தன் பெயரை இரண்டு தடவை ஒரே மாதிரி எழுத மாட்டான். ஒரே வங்கியில் ஒரே நாளில் போட்ட இரண்டு கையொப்பங்களை எடுத்துப் பாருங்கள், சுழி கொஞ்சம் பெருத்திருக்கும், வால் கொஞ்சம் நீண்டிருக்கும்.

சோதிக்கும் முறை இது. விற்பனைக்கு உள்ள படத்தை எடுத்து, அதே வீரரின் கையொப்பம் உள்ள வேறு விற்பனைப் படங்களில் நான்கைந்தைத் தேடிச் சேமியுங்கள். தொலைபேசியில் படத்தின் மேல் படம் வைக்கும் எந்தச் செயலியிலும் மேலே உள்ளதைக் கீழே உள்ளது ஊடுதெரியும்படி 50 சதவீதம் மங்கலாக்கி, அளவைச் சரிசெய்து பொருத்துங்கள். கோட்டின் மேல் கோடு முழுவதும் அமர்ந்துவிட்டால் மூன்றில் ஒன்று: அச்சடித்த பிரதி, இறப்பர் முத்திரை, அல்லது ஓட்டோபென் எனப்படும் கையொப்ப இயந்திரம். இயந்திரம் உண்மையான பேனையைப் பிடித்தே எழுதும், அதனால் மை நிஜமாக இருக்கும். பூதக்கண்ணாடி அதைக் காட்டிக் கொடுக்காது, இந்தப் பொருத்தல்தான் காட்டிக் கொடுக்கும். அழுத்தம் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே சீராக இருப்பதும் இயந்திரத்தின் வழக்கம்.

பொருத்திப் பார்க்கையில் கையொப்பம் மட்டுமல்ல, மட்டையின் கீறலும் பின்னால் உள்ள மேசைவிரிப்பும்கூட ஒன்றாக இருந்தால் விடயம் வேறு. படம் களவெடுக்கப்பட்டிருக்கிறது, பொருளே அவரிடம் இல்லை. கூகுள் லென்ஸில் படத்தைப் போட்டால் மூலம் பெரும்பாலும் அகப்படும். சந்தேகம் என்றால், ஒரு துண்டில் உங்கள் பெயரையும் இன்றைய திகதியையும் கையால் எழுதிப் பொருளின் மேல் வைத்துப் படம் அனுப்பச் சொல்லுங்கள்.

அறிகுறி: மை தட்டையாக, மேற்பரப்போடு ஒட்டிக் கிடக்கிறது

போட்டோவில் உள்ள கையொப்பமானால் முதலில் விற்பனை விவரத்தை அடிவரை வாசியுங்கள். ‘ரீபிரிண்ட்’, ‘பிரீபிரிண்ட்’, ‘ஃபேக்சிமிலி’, வெறுமனே ‘ஆர்.பி.’ என்ற சொற்கள் கடைசி வரியில் பதுங்கியிருக்கும். மூலப்படத்தில் வீரர் கையொப்பமிட்டிருப்பார். நீங்கள் வாங்குவது அதை மறுபடி அச்சடித்த படம். விற்பவர் பொய் சொல்லவில்லை, நீங்கள் வாசிக்கவில்லை என்று வழக்குத் திரும்பிவிடும்.

பொருள் கையில் கிடைத்தபின் பூதக்கண்ணாடியால் பாருங்கள். அச்சானால் பெரும்பாலும் கறுப்புக் கோடு உடைந்து சிறு நிறப்புள்ளிகளாகத் தெரியும். நீலமும் சிவப்பும் மஞ்சளும் கலந்து கிடக்கும். உண்மையான மாக்கர் கோட்டில் புள்ளி இருக்காது. இரண்டு கோடுகள் குறுக்கே வெட்டும் இடத்தைத் தேடுங்கள், உண்மையான மாக்கரானால் அந்தச் சந்தியில் மை கொஞ்சம் அடர்ந்திருக்கும். நீல மாக்கரில் இது நன்றாகத் தெரியும், கெட்டிக் கறுப்பில் தெரியாமல் போகலாம். ஆகவே கறுப்பில் சந்தி அடராததை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். படத்தைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தால், பளபளப்புத் தாளில் மாக்கர் மை தனிப் படையாக வேறு மினுக்கம் காட்டும். அச்சில் தாளும் மையும் ஒரே மினுக்கமாக இருக்கும்.

போல்பொயிண்ட் பேனையானால் இன்னும் இலகு. அது தாளை அழுத்தி மெல்லிய பள்ளம் விடும், வளைவுகளில் மை கட்டிபட்டு நிற்கும், கோட்டின் நடுவே மை படாத வெள்ளைக் கீறல்கள் ஓடும். பக்கவாட்டில் டோர்ச் அடித்தால் பள்ளத்தின் நிழல் விழும். இறப்பர் முத்திரையில் நடுப்பகுதி வெளிறி ஓரம் கறுத்திருக்கும்.

மட்டையில் பார்க்க வேண்டியது நார். மட்டை வில்லோ மரம், அதன் இழைகள் பிடியிலிருந்து கீழ்நோக்கி நேராக ஓடுகின்றன. பூச்சில்லாத மரத்தில் மாக்கர் பட்டால் மை அந்த இழைவழியே மேலும் கீழுமாக நூல்நூலாகக் கசியும். குறுக்கே போன கோட்டின் இரு ஓரத்திலும் ஒரு மில்லிமீற்றர்கூட இல்லாத மெல்லிய மயிர்கள் முளைத்ததுபோல் இருக்கும். ஒட்டுப்படமாகப் பதித்த கையொப்பத்தில் இந்த மயிர் கிடையாது, ஓரம் பிளேடால் வெட்டியதுபோல் நிற்கும். ஆனால் மட்டைக்குப் பூச்சு அடித்திருந்தாலோ மெல்லிய பிளாஸ்ரிக் உறை ஒட்டியிருந்தாலோ உண்மை மையும் கசியாது. ஆகவே முதலில் மேற்பரப்பு எது என்று கேளுங்கள்.

ஜேர்சியில் துணியைத் திருப்பிப் பாருங்கள். மாக்கர் மை பொலியெஸ்டரை ஊடுருவி உட்புறத்தில் நிழலாகத் தெரியும். தொழிற்சாலையிலேயே கையொப்பம் அச்சிட்டு விற்கும் ரசிகர் ஜேர்சிகளில் உட்புறம் வெள்ளையாக இருக்கும். கையொப்பம் துணியிலிருந்து எண்ணின் மேல் ஏறும் இடம் இருந்தால் அதுதான் நல்ல சாட்சி. துணியில் கோடு தடித்துக் கசியும், இறப்பர்போன்ற எண்ணில் ஏறியதும் மெலிந்து கூராகும். இரண்டிலும் ஒரே தடிப்பு என்றால் அதை எழுதியது பேனை இல்லை.

அறிகுறி: கோடு நடுங்குகிறது, நுனி மொட்டையாக முடிகிறது

மை உண்மையென்று தெரிந்தபின்தான் இந்தக் கேள்வி. எழுதியது யார் கை?

வீரர் கையொப்பம் போடும்போது எழுதுவதில்லை, வீசுகிறார். பேனை தாளைத் தொட முன்பே நகரத் தொடங்கியிருக்கும், விலகிய பின்னும் நகர்ந்துகொண்டிருக்கும். அதனால் தொடக்கமும் முடிவும் ஊசிபோல் கூர்ந்து மறையும். பார்த்து வரைபவர் பேனையை வைத்து, யோசித்து, இழுத்து, நிறுத்துவார். மாக்கரானால் வைத்த இடத்திலும் நிறுத்திய இடத்திலும் மை பொட்டாக ஊறும். வளைவின் நடுவே காரணமில்லாமல் ஒரு பொட்டு இருந்தால், அங்கே அவர் நின்று மாதிரியைப் பார்த்திருக்கிறார் என்று அர்த்தம். சுழி வட்டமாக இல்லாமல் சிறுசிறு நேர்கோடுகளாக உடைவதும், ஒரே மூச்சில் போக வேண்டிய இடத்தில் பேனை தூக்கி மறுபடி வைத்த ஒட்டும் அதே வகைதான்.

ஒப்பிட ஒரு மாதிரி போதாது. பத்துப் பதினைந்து மாதிரிகளாவது சேருங்கள், அதுவும் அதே காலத்தவை, அதே வகை மேற்பரப்பில் உள்ளவை. பத்தொன்பது வயதில் முழுப்பெயரையும் எழுத்தெழுத்தாகப் போடுபவர், பதினைந்து வருடம் கழித்து மூன்று வளைவோடு நிறுத்திவிடுவார். பழைய மாதிரியைப் புதிய பொருளோடு ஒப்பிட்டால் உண்மையானதே போலியாகத் தெரியும். வடிவத்தைவிட விகிதத்தைப் பாருங்கள்: முதலெழுத்து மற்றவற்றைவிட எத்தனை மடங்கு உயரம், வால் எந்தப் பக்கம் சாய்கிறது, எந்த இடத்தில் பேனை தூக்கப்படுகிறது. வடிவத்தைப் போலிக்காரர் பழகிவிடுவார், விகிதத்தில் அடிக்கடி தவறுவார்.

அறிகுறி: அணி முழுவதும் போட்ட மட்டை, ஆனால் எல்லாம் ஒரே கை

இலங்கையில் அதிகம் ஆசை காட்டி விற்கப்படுவது 1996 உலகக் கிண்ண அணியின் மட்டை. இதில் எல்லாரும் ஒரே பேனையால் போட்டிருக்கிறார்கள் என்பதைப் பலர் குற்றமாகச் சொல்கிறார்கள். அது குற்றமல்ல. உடைமாற்றும் அறையில் ஒரு மாக்கரும் ஒரு மட்டையும் கைமாறிப் போவதுதான் வழக்கம். பிரச்சினை ஒரே கை. பதினான்கு பேர் எழுதினால் சாய்வு பதினான்கு விதமாக இருக்கும். ஒருவர் அழுத்துவார், ஒருவர் தடவுவார், இடம் போதாமல் ஒருவர் ஓரத்தில் நெருக்குவார், ஒருவர் மட்டையைத் திருப்பிப் பிடித்துத் தலைகீழாகப் போடுவார். எல்லாப் பெயரும் ஒரே இடைவெளியில், ஒரே சாய்வில், கொப்பியில் எழுதியதுபோல் வரிசையாக இருந்தால் விலகுங்கள்.

பிறகு பெயர்களை எண்ணுங்கள். 1996 மார்ச் 17 லாகூர் கடாபி மைதானத்தில் அவுஸ்திரேலியாவை 7 விக்கெட்டால் வென்ற இறுதியாட்டத்தில் இறங்கியவர்கள்: சனத் ஜயசூரிய, ரொமேஷ் களுவிதாரண, அசங்க குருசிங்க, அரவிந்த டி சில்வா, அர்ஜுன ரணதுங்க, ரொஷான் மஹாநாம, ஹஷான் திலகரத்ன, குமார் தர்மசேன, சமிந்த வாஸ், பிரமோத்ய விக்ரமசிங்க, முத்தையா முரளிதரன். குழுவில் இருந்த மற்ற மூவர் மாவன் அத்தபத்து, உபுல் சந்தன, ரவீந்திர புஷ்பகுமார. இந்தப் பட்டியலுக்கு வெளியே மஹேல ஜயவர்தனவின் பெயர் அந்த மட்டையில் இருந்தால், அவர் இலங்கைக்கு ஆடத் தொடங்கியது 1997 இல். சங்கக்கார 2000 இல். பின்னர் ஒரு விழாவில் சேர்த்துப் போட்டார்கள் என்று விற்பவர் சொல்லலாம், அப்படியானால் அது ‘1996 மட்டை’ விலைக்குரிய பொருள் அல்ல. பெரும்பாலும் போலிக்காரர் தெரிந்த பெயர்களையே போடுவார். சந்தனவும் புஷ்பகுமாரவும் இல்லாமல் சங்கக்கார இருக்கும் மட்டை அப்படித்தான் பிறக்கிறது.

அறிகுறி: காலம் பொருந்தவில்லை

இது மிகவும் பலமான சோதனை, காசும் செலவில்லை. பொருள், பேனை, மனிதர் மூன்றும் ஒரே காலத்தில் உலகத்தில் இருந்திருக்க வேண்டும்.

இங்கிலாந்துக்கு ஆடிய பழைய துடுப்பாட்ட வீரர் ரஞ்சித்சிங்ஜி 1933 இல் காலமானார். போல்பொயிண்ட் பேனை அமெரிக்கக் கடைகளுக்கு வந்தது 1945 இல். ஆக அவருடைய கையொப்பம் போல்பொயிண்டில் இருக்க வழியில்லை. நார்முனை மாக்கர் 1950 களில்தான் பரவத் தொடங்கியது, ஷார்ப்பி மாக்கர் 1964 இல் வந்தது. 1948 இல் பிரட்மனின் அவுஸ்திரேலிய அணி இங்கிலாந்து போகும் வழியில் கொழும்பு ஓவலில் ஒரு ஆட்டம் ஆடியது. (ஆடுகளம் 22 யார் இருக்க வேண்டிய இடத்தில் 20 யார்தான் இருந்ததென்பது அந்த ஆட்டத்தின் பிரபலமான கதை.) ‘1948 கொழும்பில் தாத்தா வாங்கியது’ என்று மாக்கரில் போட்ட தாள் வந்தால் தாத்தாவை நம்பலாம், தாளை நம்ப முடியாது. பிரட்மன் 2001 பெப்ரவரி 25 இல் காலமாகும்வரை ரசிகர் கடிதங்களுக்கு ஏராளமாகக் கையொப்பமிட்டு அனுப்பியவர். அவருடைய பிற்காலக் கையொப்பம் அவ்வளவு அரிதல்ல. அரிதான பொருளின் விலையைச் சொல்லிப் பிற்காலத்ததை விற்பதும் நடக்கிறது.

தாளுக்கும் வயது பார்க்கலாம். தாளை வெள்ளையாகக் காட்டச் சேர்க்கும் ஒளிர்பொருள் இரண்டாம் உலகப் போருக்குப் பின்தான் பரவியது. இருட்டறையில் 365 டோர்ச் அடித்து, 1930 களின் தாள் என்று சொல்லப்படுவது நீலவெள்ளையாகப் பளிச்சிட்டால் தாள் இளையது. தேநீரில் தோய்த்துப் பழுப்பாக்கிய தாளும் புற ஊதாவில் திட்டுத்திட்டாக ஒளிரும்.

இன்னும் சில: இளஞ்சிவப்புப் பந்தில் ஆடிய முதல் டெஸ்ட் 2015 நவம்பர் 27 அடிலெய்டில் தொடங்கியது, அதற்கு முன் காலமானவர் டெஸ்டில் ஆடிய இளஞ்சிவப்புப் பந்தில் போட்டிருக்க முடியாது. டெஸ்ட் வெள்ளைச் சட்டையின் பின்னால் பெயரும் எண்ணும் வந்தது 2019 ஓகஸ்டில். முரளி தன் 800 ஆவது விக்கெட்டை எடுத்துவிட்டு டெஸ்டிலிருந்து விலகியது 2010 ஜூலையில், காலியில். ‘அந்தக் கடைசி டெஸ்டில் அணிந்தது’ என்று பெயரும் எண்ணும் குத்திய வெள்ளைச் சட்டை வந்தால் மேலே வாசிக்க வேண்டியதில்லை.

அறிகுறி: சான்றிதழ் மட்டும் மினுங்குகிறது

சான்றிதழ் ஒரு தாள். அதை அச்சடிப்பது கையொப்பத்தைப் போலி செய்வதைவிடச் சுலபம். 1990 களில் அமெரிக்காவில் எஃப்.பி.ஐ நடத்திய ஒபரேஷன் புல்பென் விசாரணையில் போலிக் கையொப்பங்களோடு அவற்றுக்கான சான்றிதழ்களும் சேர்ந்தே அகப்பட்டன. அன்னை தெரேசா ‘கையொப்பமிட்ட’ பேஸ்போல் பந்துகூட அங்கே இருந்தது.

விற்பவரே தன் பெயரில் கொடுக்கும் சான்றிதழுக்குப் பெறுமதி அவருடைய பெயருக்கு உள்ள பெறுமதிதான். கையொப்பத்தைச் சோதித்துச் சான்று கொடுக்கும் பி.எஸ்.ஏ, ஜே.எஸ்.ஏ, பெக்கெட் போன்ற மூன்றாம் தரப்பு நிறுவனங்களின் ஸ்டிக்கர் இருந்தால் இப்படிச் செய்யுங்கள். ஸ்டிக்கரில் உள்ள கியூ.ஆர். குறியை ஸ்கேன் பண்ண வேண்டாம், அது போலித் தளத்துக்குப் போகலாம். நிறுவனத்தின் தளமுகவரியை நீங்களே தட்டச்சு செய்து, இலக்கத்தைப் போட்டுத் தேடுங்கள். ‘உண்டு’ என்று வந்தவுடன் மூட வேண்டாம். அந்த இலக்கம் எந்தப் பொருளுக்குக் கொடுக்கப்பட்டது? பந்துக்குக் கொடுத்த இலக்கம் மட்டையில் இருந்தால் ஸ்டிக்கர் பிரதி. படமும் பதிவில் இருந்தால் மரத்தின் இழையையும் கையொப்பத்தின் இடத்தையும் ஒப்பிடுங்கள். மர இழை கைரேகை மாதிரி, இரண்டு மட்டைக்கு ஒன்றாக அமையாது. ஹொலோகிராம் ஸ்டிக்கரின் ஓரம் சுருங்கி, அடியில் தூசி பிடித்திருந்தால் அது வேறொன்றிலிருந்து உரித்தெடுத்தது.

அறிகுறி: படம் உண்டு, ஆனால் பொருத்தம் இல்லை, கதை நீளம்

‘வீரர் போடும்போதே எடுத்த படம்’ என்பதில் அவர் எதையோ போடுகிறார், அது இந்தப் பொருளா என்பதே கேள்வி. படத்தில் பேனையின் நிறம், கையொப்பத்தின் இடம், மட்டையின் ஸ்டிக்கர் மூன்றும் விற்பனைப் பொருளோடு ஒத்துவர வேண்டும். ‘மாமா கிரிக்கெட் சபையில் வேலை’, ‘ஹோட்டலில் வேலை செய்த சிநேகிதன்’ என்ற கதைகளை மறுக்கவும் முடியாது, நிரூபிக்கவும் முடியாது. அவற்றுக்காக விலையில் ஒரு ரூபாவும் கூட்டிக் கொடுக்க வேண்டாம். அதே ஆளின் பக்கத்தில் அதே மாமா வாங்கிய மெஸ்ஸி ஜேர்சியும் முகமது அலி கையுறையும் இருந்தால் மாமா நிறைய ஊர் சுற்றியிருக்கிறார்.

வீரர் ஒருவர் காலமான கிழமையில் வாங்க வேண்டாம். 2022 மார்ச் 4 ஷேன் வோர்ன், அதே வருடம் டிசம்பர் 29 பெலே என்று இப்படியான செய்தி வரும்போதெல்லாம் மனமும் விலையும் ஒன்றாக ஏறும். போலிக்காரருக்கும் அதுவே அறுவடைக் காலம்.

அறிகுறி: காசைத் தளத்துக்கு வெளியே கேட்கிறார்

ஈபேயில் பேசிவிட்டு ‘வட்ஸ்அப்புக்கு வாங்க, குறைத்துத் தாறன்’ என்றால், குறைவது விலை மட்டுமல்ல, பாதுகாப்பும்தான். பேபாலில் ‘சிநேகிதர், குடும்பம்’ என்ற வகையில் அனுப்பிய காசுக்கு வாங்குபவர் பாதுகாப்பு இல்லை. பொருள் வாங்கும் வகையில் அனுப்பினால் 180 நாளுக்குள் முறையிடலாம். நேரடி வங்கி வைப்பில் போன காசு திரும்பும் என்று எண்ண வேண்டாம். உள்ளூரில் கூரியர் ஆளிடம் காசு கொடுத்துப் பெட்டியை எடுப்பது பாதுகாப்பானதாகத் தோன்றும். ஆனால் வழக்கமாகக் காசு கொடுத்த பின்தான் பெட்டியைத் திறக்க விடுவார்கள்.

பெட்டி வந்ததும் உறை கிழிக்க முன்பிருந்தே வெட்டில்லாமல் வீடியோ எடுங்கள்: முகவரிச்சீட்டு, திறப்பது, பொருள், கையொப்பம் கிட்டத்தில். அன்றைக்கே பூதக்கண்ணாடிச் சோதனையை முடியுங்கள். ஈபேயில் விவரத்துக்குப் பொருந்தாத பொருளுக்கு முறையிட 30 நாள்தான். உண்மையா என்று பார்க்க மதுசாரம் தொட்டுத் தேய்க்க வேண்டாம். உண்மை மாக்கரும் அழியும், தேய்த்த பொருளைத் திருப்பி எடுக்கவும் மாட்டார்கள். உள்ளூர் விற்பவர் ஏமாற்றினால் உரையாடல், விளம்பரம், வங்கிச்சீட்டு எல்லாவற்றையும் படமெடுத்து வைத்துக்கொண்டு நுகர்வோர் அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்கு அழைக்கலாம், பொலிஸ் முறைப்பாடும் செய்யலாம்.

பொய்யான எச்சரிக்கைகள்

நடுங்கும் கோடு எல்லாம் போலியல்ல. முதுமையிலும் நோயிலும் போட்ட கையொப்பங்கள் உண்மையாகவே நடுங்கும். பார்க்கின்சன் நோயுடன் வாழ்ந்த முகமது அலியின் பிற்காலக் கையொப்பங்கள் சிறுத்து நடுங்குபவை. அவற்றை 1960 களின் மாதிரியோடு ஒப்பிட்டுத் தள்ளக்கூடாது. விமான நிலையத்தில் நடந்தபடி போட்டது அரைகுறையாக இருக்கும். இழுத்துப் பிடிக்காத துணியில் போட்டது கோணும்.

எங்கள் கடற்கரைக் காற்றையும் கணக்கில் எடுங்கள். ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை வாடைக் காற்றோடு ஈரம் வீட்டுக்குள் புகும்போது, கண்ணாடிச் சட்டத்தில் அடைத்த தாளில் பழுப்புப் புள்ளி வரும், பந்தின் பூச்சு மஞ்சளாகும், பூச்சில்லாத மட்டையில் மை இன்னும் கொஞ்சம் பரவும். உவர்மலையிலோ உப்புவெளியிலோ உள்ள ஒரு வீட்டில் பத்து வருடம் தொங்கிய உண்மை மட்டை, கொழும்பில் குளிரூட்டிய அறையில் இருந்த மட்டையைவிட மோசமாகத் தெரியலாம். இப்படி மங்கிய பொருள் வந்தால் பத்து வருடத்துக்கு முந்திய படம் ஏதும் உண்டா என்று கேளுங்கள். சுவரில் தொங்கும்போது தற்செயலாக விழுந்த பிறந்தநாள் படம்கூடப் போதும், இழையையும் கையொப்பம் நிற்கும் இடத்தையும் பொருத்திப் பார்க்கலாம்.